அயல்நாட்டு வர்த்தகமும் நமது கிராமச் சங்கங்களும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)

  

நமது விளைபொருளைத் தரகர் கையில் ஒப்புவியாமல் சங்கத்தின் மூலமாகவே அயல்நாடுகளுக்கு அனுப்பலாகாதா என்னும் கேள்வி இப்பொழுது பல சங்கங்களின் மகாசபைகளில் எழுகின்றது. கேள்வி நியாயமானதே. மஞ்சளும் மிளகாயும் வாழையும் தேங்காயும் விளைவிக்கிறவன் ஒருவன். அவற்றைக் கப்பலேற்றி லாபம் பெறுகிறவன் மற்றொருவன் என்றிருப்பதை எவர்தாம் விரும்புவர்? ஆனால் உற்சாகம் மாத்திரம் சரக்கைக் கடல் கடத்திவிடாது. வழியில் எத்தனை கதவுகள் உள்ளன, அவற்றின் சாவிகள் எவரிடம் இருக்கின்றன, திறந்திருக்கும் கதவு எப்பொழுது சாத்தப்படக்கூடும் என்பவற்றை அறிந்துகொண்டே மகாசபை தீர்மானம் செய்தல் வேண்டும். அவ்வாறு அறியாமல் சங்கத்தின் பங்குத்தொகையை இதில் இறக்குவது, ஆழம் அறியாமல் காலை விடுவதற்கு ஒப்பாகும்.

ஆதலால் இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம், இந்திய சர்க்காரின் அயல்நாட்டு வர்த்தக டைரக்டர் ஜெனரல் ஆபீஸ் என்பது யாது, அது எவ்வாறு வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிறது, எவ்வாறு ஊக்குவிக்கிறது, நம்முடைய சங்கங்கள் அதனோடு எவ்வாறு பழகவேண்டும் என்பதாகும்.

ஆபீஸின் பூர்வ சரித்திரம்

இரண்டாவது மகாயுத்தம் நடந்த காலத்தில் கப்பல்களில் இடம் அருமையாயிற்று. அந்நிய நாணயமும் அருமையாயிற்று. அப்பொழுது, 1940-ம் வருஷத்தில், இன்ன பொருளைத்தான் இறக்குமதி செய்யலாம் என்ற கட்டுப்பாடு இந்தியாவில் தொடங்கியது. யுத்தம் முடிந்த பின்னும் கட்டுப்பாட்டை விட்டுவிட முடியவில்லை. 1947-ம் வருஷத்தில் இறக்குமதி ஏற்றுமதி (கட்டுப்பாடு) சட்டம் பிறந்தது. அதனை நடத்திவந்த உத்தியோகஸ்தருக்கு இறக்குமதி ஏற்றுமதிப் பிரதம கண்ட்ரோலர் என்று பெயர். நாற்பத்துச் சொச்சம் வருஷகாலம், யந்திரமாயினும் மூலப்பொருளாயினும் அநேக சாமான்களைத் தருவிக்க அவருடைய லைசென்ஸ் அவசியமாயிருந்தது. லைசென்ஸ் கிடைத்தவன் பாக்கியவான், கிடையாதவன் காத்திருந்தான்.

1991-ம் வருஷத்தில் தேசத்தின் அந்நியச் செலாவணி மிகவும் குறைந்து நெருக்கடி நேர்ந்தபோது சர்க்காரின் கொள்கை மாறியது. அதே வருஷத்தில் அந்த ஆபீஸின் பெயரும் அயல்நாட்டு வர்த்தக டைரக்டர் ஜெனரல் ஆபீஸ் என்று மாற்றப்பட்டது. 1992-ம் வருஷத்தில் பழைய சட்டத்தை நீக்கிப் புதுச்சட்டம் ஒன்று இயற்றினார்கள். அதன் பெயர் அயல்நாட்டு வர்த்தக (அபிவிருத்தி, ஒழுங்குமுறை) சட்டம் என்பது. பழைய சட்டத்தின் பெயரில் கட்டுப்பாடு ஒன்றே இருந்தது. புதுச்சட்டத்தின் பெயரில் அபிவிருத்தி முன்னும் ஒழுங்குமுறை பின்னுமாக வந்து அமர்ந்தன. பெயரைக் கண்டு கட்டுப்பாடு ஒழிந்துவிட்டது என்று எண்ணலாகாது. இடது கை தடுக்கவும் வலது கை அழைக்கவும் வல்ல ஓர் ஆபீஸ் இது. இரண்டு கைகளையும் நாம் அறிந்திருத்தல் நலம்.

இச்சட்டத்தின்படி சர்க்கார் அயல்நாட்டு வர்த்தகக் கொள்கை ஒன்றை வெளியிடுவது வழக்கம். முந்திய கொள்கைகள் ஐந்து வருஷ அளவுக்கென்று வெளியிடப்பட்டன. 2015-ம் வருஷத்துக் கொள்கை 2020-ல் முடியவேண்டியது, பல முறை நீட்டிக்கப்பட்டு 2023-ம் வருஷம் மார்ச்சு 31-ந் தேதி வரையில் நடந்தது. அடுத்த நாளாகிய ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த 2023-ம் வருஷத்துக் கொள்கைக்கு முடிவுத்தேதி குறிக்கப்படவில்லை. வேண்டும்போது வேண்டிய இடத்தில் திருத்திக்கொள்வதென்பது ஏற்பாடு. ஆகவே, சென்ற வருஷம் படித்த விதி இந்த வருஷமும் அப்படியே இருக்கும் என்று எவரும் நம்பியிருத்தல் கூடாது.

தடுக்கும் கை

உலகத்திலுள்ள சாமான்கள் அனைத்துக்கும் இலக்கம் கொடுத்து வகுத்த ஜாபிதா ஒன்று உண்டு. ஒவ்வொரு சாமானின் இலக்கத்துக்கும் எதிரில் அதன் நிலைமை எழுதப்பட்டிருக்கும். அந்நிலைமைகள் நான்கு வகை.

முதல் வகை, தடையற்றவை. சாமான்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. விசேஷ அனுமதி எதுவும் வேண்டாம். இரண்டாம் வகை, நிபந்தனைக்குட்பட்டவை. இவற்றை அனுப்புவதற்கோ தருவிப்பதற்கோ டைரக்டர் ஜெனரலின் அனுமதிப் பத்திரம் வேண்டும். 2022-ம் வருஷம் ஜூன் 1-ந் தேதி முதல் சர்க்கரை ஏற்றுமதியை இவ்வகையில் சேர்த்தார்கள். மூன்றாம் வகை, விலக்கப்பட்டவை. காட்டு மிருகங்களும் அவற்றின் உறுப்புகளும் இதில் அடங்கும். நான்காம் வகை, சர்க்கார் குறிப்பிட்ட ஸ்தாபனங்கள் மாத்திரமே வியாபாரம் செய்யத்தக்கவை. நாம் வயலுக்கு இடுகின்ற யூரியா உரத்தின் இறக்குமதி இவ்வகையில் வந்தது.

விலக்கப்பட்ட பொருளை மறைத்து அனுப்பினால் என்னவாகும் எனில், இச்சட்டத்தின் கீழ் விதிக்கும் தடை 1962-ம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் கீழ் விதித்த தடையாகவே கருதப்படும். சுங்க அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். அதுவன்றி, அயல்நாட்டு வர்த்தகச் சட்டத்தை மீறியவருக்கு பதினாயிரம் ரூபாய்க்குக் குறையாமலும், சரக்கின் மதிப்பைப்போல் ஐந்து மடங்குக்கு மேற்படாமலும் அபராதம் விதிக்க இடமுண்டு.

ஒரு சாமானை ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாற்றுவதற்கு வருஷக்கணக்காகக் காலம் வேண்டுவதில்லை. கெஜட்டில் ஓர் அறிக்கை வெளியானால் போதும். பெரும்பாலும் வெளியான அன்றே அமலுக்கு வந்துவிடும். 2022-ம் வருஷம் மே மாதம் 13-ந் தேதி கோதுமை ஏற்றுமதி அவ்வாறு விலக்கப்பட்டது. அவ்வருஷம் வடநாட்டில் அகாலத்தில் கடும் வெப்பம் தாக்கி விளைச்சல் குறைந்தது. ருஷ்யா உக்ரேன் யுத்தத்தால் உலக விலையும் ஏறியிருந்தது. 2023-ம் வருஷம் ஜூலை 20-ந் தேதி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை வந்தது. 2024-ம் வருஷம் செப்டம்பர் 28-ந் தேதி அது நீங்கியது.

இத்தடைகள் நியாயமா, அநியாயமா என்று நீங்கள் கேட்கக்கூடும். இதில் இரு திறத்தாரின் க்ஷேமம் அடங்கியிருக்கிறது. விலை ஏறினால் விளைவித்தவனுக்கு லாபம். ஆனால் கூலிக்கு உழைத்து அரிசி வாங்கி உண்பவனுக்கு அரை வயிறு. நமது சங்கங்களிலேயே, விற்கிறவரும் உண்டு, வாங்கி உண்கிறவரும் உண்டு. சர்க்கார் விலையை அடக்கும்போது பின்னவர் பிழைக்கிறார். முன்னவர் அதற்குரிய விலையைத் தம் விளைச்சலில் கொடுக்கிறார். இதனை மறைப்பதில் பயனில்லை. தடை வரும்போது அதன் பாரம் முழுவதும் ஏழைக் குடியானவன் தலையில் விழாமல் நமது சங்கத்தின் ஏற்பாடுகள் இருக்கின்றனவா என்பதே நாம் ஆராயத்தக்கது.

வெங்காயம் கற்பித்த பாடம்

தடையும் தளர்வும் எவ்வளவு விரைவில் மாறும் என்பதற்கு வெங்காயத்தைக் காட்டிலும் சிறந்த உதாரணம் இல்லை. தேதிவாரியாகச் சொல்லுகிறேன்.

2023-ம் வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவிகிதத் தீர்வை விதிக்கப்பட்டது. அக்டோபர் மாதக் கடைசியில், டன் ஒன்றுக்கு 800 டாலருக்குக் குறைந்த விலையில் அனுப்பலாகாது என்று குறைந்தபட்ச ஏற்றுமதி விலை குறிக்கப்பட்டது. டிசம்பர் 8-ந் தேதி முதல் ஏற்றுமதியே விலக்கப்பட்டது. அந்தத் தடை 2024-ம் வருஷம் மார்ச்சு 31-ந் தேதியுடன் முடியும் என்று முதலில் சொன்னார்கள். முடிவதற்குச் சில தினங்களுக்கு முன், மறு உத்தரவு வரையில் நீடிக்கும் என்றார்கள். மே மாதம் 4-ந் தேதி தடை நீங்கியது. ஆனால் டன்னுக்கு 550 டாலர் என்ற குறைந்தபட்ச விலையும் 40 சதவிகிதத் தீர்வையும் நின்றன. செப்டம்பர் மாதத்தில் குறைந்தபட்ச விலையை எடுத்துவிட்டுத் தீர்வையை 20 சதவிகிதமாகக் குறைத்தார்கள். 2025-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி தீர்வையும் ஒழிந்தது.

இருபது மாதத்துக்குள் ஏழு மாறுதல்கள்! தேசத்தில் வெங்காய வியாபாரத்துக்குப் பேர்பெற்ற நாசிக் ஜில்லாவில், தடை வந்தவுடன் விவசாயிகள் சாலையை மறித்துக் கிளர்ச்சி செய்தார்கள். அவர்களுக்கு வந்த கஷ்டத்தின் காரணம் எளிதில் விளங்கும். வெங்காயம் நெல்லைப்போல் பத்தாயத்தில் பொறுமையாய்க் கிடக்கும் பொருளன்று. கதவு சாத்தியிருக்கும் காலம் முழுவதும் சரக்கு சுருங்கும், முளைக்கும், அழுகும். தடை நீங்கும் தேதி வந்தபோது, தடை வந்த தேதியிலிருந்த சரக்கு இராது.

இவ்விஷயத்தில் கவனிக்கவேண்டியது இன்னொன்று உண்டு. தடையையும் குறைந்தபட்ச விலையையும் விதித்தது அயல்நாட்டு வர்த்தக டைரக்டர் ஜெனரல் ஆபீஸ். தீர்வையை விதித்ததோ நிதி மந்திரி இலாகா. ஒன்று திறந்தாலும் மற்றொன்று மூடியிருக்கலாம். ஆகையால், "தடை எடுத்துவிட்டார்கள்" என்று ஒரு பத்திரிகைச் செய்தியைக் கண்ட மாத்திரத்தில் சரக்கைக் கட்ட ஆரம்பிக்கலாகாது. தீர்வை உண்டா, குறைந்தபட்ச விலை உண்டா என்பவற்றையும் சேர்த்து விசாரித்தே கணக்குப் போடவேண்டும்.

சாதாரணமாகத் தடை வரும்போது, முன்னமே ஒப்பந்தமாகிவிட்டவர்களுக்கு ஒரு சிறு வழி விடப்படுவதுண்டு. கோதுமைத் தடையின்போது, தடைத் தேதிக்கு முன் மாற்ற முடியாத லெட்டர் ஆப் கிரெடிட், அதாவது வாங்குகிறவருடைய பாங்கு பணம் தருவதாக எழுதிக்கொடுத்த உறுதிப் பத்திரம், பெற்றிருந்தவர்களுக்கு அனுமதி தரப்பட்டது. அரிசித் தடையின்போதோ அது போதவில்லை. அறிக்கைக்கு முன்னரே கப்பலில் சரக்கேற்றத் தொடங்கியிருத்தல் போன்ற நிபந்தனைகள் கேட்கப்பட்டன. இவ்விரண்டையும் ஒப்பிட்டால் ஒன்று தெளிவாகும். வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு எந்த அறிக்கையிலும் இடமில்லை. பத்திரமும் தேதியும் உடையவனுக்கே சிறிதேனும் வழியுண்டு.

அழைக்கும் கை

இனி அபிவிருத்திக்குரிய ஏற்பாடுகளைப் பார்ப்போம்.

அயல்நாட்டு வியாபாரம் செய்ய விரும்பும் எவரும் முதலில் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் பெறவேண்டும். வருமானவரி இலாகா கொடுக்கும் பான் எண்ணே இதற்கும் எண்ணாக வழங்கப்படுகிறது. மனுச்செய்ய ஐந்நூறு ரூபாய்க் கட்டணம். டெல்லிக்குப் போகவேண்டியதில்லை, கம்ப்யூட்டர் மூலமாகவே மனுச்செய்யலாம். பதிவு பெற்ற சங்கங்களும் தங்கள் பெயரில் இதைப் பெறலாம். வருஷந்தோறும் ஏப்ரல் முதல் ஜூன் முடிய உள்ள மூன்று மாதத்துக்குள், மாறுதல் ஒன்றும் இல்லாவிட்டாலும், விவரங்கள் சரியாயிருக்கின்றன என்று உறுதிசெய்து பதியவேண்டும். தவறினால் எண் செயலற்றுப்போகும். சரக்குத் துறைமுகத்தில் நிற்கும். கணக்கு முடிக்கும் மாதங்களாகையால் காரியதரிசிகள் இதனை மறந்துபோக இடமுண்டு. நாட்குறிப்பில் எழுதிவைத்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, அந்தந்தப் பொருளுக்குரிய போர்டிலோ கவுன்ஸிலிலோ பதிவுசெய்துகொள்ளுதல் வேண்டும். மஞ்சள், மிளகாய், மிளகு, ஏலம் முதலியவற்றுக்குக் கொச்சியிலுள்ள வாசனைப்பொருள் போர்டு. அரிசி, பழம், காய்கறி முதலியவற்றுக்கு 1986-ல் ஏற்பட்ட விவசாயப் பொருள் ஏற்றுமதி அபிவிருத்தி ஸ்தாபனமாகிய அபேடா. மீன் இறால்களுக்குக் கடற்பொருள் ஏற்றுமதி ஸ்தாபனம். கயிற்றுக்குக் கயிறு போர்டு. கைத்தறிக்குச் சென்னையிலுள்ள கைத்தறி ஏற்றுமதிக் கவுன்ஸில். இவற்றில் பதிவுச்சீட்டுப் பெற்றவர்களுக்கே கொள்கையில் சொல்லிய சலுகைகள் உண்டு.

மூன்றாவதாக, சலுகைகள். சரக்கு வயலிலிருந்து துறைமுகம் சேரும்வரையில், லாரிக்கு ஊற்றும் டீசலின் வரி, மின்சார வரி, சந்தைக் கட்டணம் என்று பல வரிகள் அதன் விலையில் மறைந்து ஏறிவிடுகின்றன. அயல்நாட்டான் நமது வரியையும் சேர்த்து விலை கொடுக்கமாட்டான். ஆகவே இவ்வரிகளில் ஒரு பகுதியைத் திருப்பித்தரும் திட்டம் ஒன்று 2021-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி தொடங்கப்பட்டது. பொருளுக்குப் பொருள் விகிதம் வேறு, விகிதங்களும் மாறுவதுண்டு. மற்றொரு திட்டத்தின்படி, ஏற்றுமதிச் சரக்கைச் செய்யத் தேவையான மூலப்பொருளைத் தீர்வையின்றித் தருவிக்கலாம். முந்திரிக்கொட்டையை அயல்நாட்டிலிருந்து தருவித்து, உடைத்துப் பருப்பாக்கித் திருப்பி அனுப்புவது இத்தன்மையான தொழில். பின்னொரு திட்டத்தின்படி யந்திரங்களைத் தீர்வையின்றித் தருவிக்கலாம். ஆனால் மிச்சப்பட்ட தீர்வையைப்போல் ஆறு மடங்கு மதிப்புள்ள சரக்கை ஆறு வருஷத்துக்குள் ஏற்றுமதி செய்யவேண்டும். செய்யத் தவறினால் தீர்வையை வட்டியுடன் கட்டவேண்டும். இதைச் சலுகை என்பதைவிடக் கடன் என்று எண்ணிக்கொள்வதே சங்கங்களுக்குப் பாதுகாப்பு.

நான்காவதாக, புத்திமதி. சென்னை, கோயமுத்தூர், மதுரை ஆகிய இடங்களில் இந்த ஆபீஸின் கிளைகள் உள்ளன. புதிதாக இத்தொழிலில் புகுவோருக்கு வழிகாட்டுவதற்கென்று 2011-ம் வருஷத்தில் ஒரு திட்டம் ஏற்படுத்தப்பட்டது. பணம் கேட்டு "லைசென்ஸ் வாங்கித் தருகிறேன்" என்று ஊருக்குள் வருகிற ஏஜெண்டுகளை நம்புவதைக் காட்டிலும், இரண்டு பஞ்சாயத்தார் பஸ் ஏறிப் போய் அங்கே நேரில் கேட்டுவருவது மலிவும் உத்தமமுமாகும்.

அனுமதி பெற்றாலும் சரக்கின் தரம் சரியாயிராவிட்டால் பயனில்லை. செடிப் பூச்சி நோய்கள் இல்லை என்ற அத்தாட்சி, பயிர் மருந்தின் மிச்சம் அளவுக்கு மேற்படவில்லை என்ற பரீட்சை, இவை தேசத்துக்குத் தேசம் வேறுபடும். 2024-ம் வருஷம் ஏப்ரலில், எத்திலீன் ஆக்ஸைடு என்னும் ரசாயனம் கலந்திருப்பதாகக் கூறிச் சில மசாலாப் பொடிகளை ஹாங்காங்கும் சிங்கப்பூரும் தடுத்தன. மே மாதத்தில், அவ்விரண்டு இடங்களுக்கும் செல்லும் வாசனைப்பொருள் சரக்கைக் கட்டாயமாகப் பரிசோதிக்க வாசனைப்பொருள் போர்டு ஏற்பாடு செய்தது. வயலில் மருந்தடித்த தேதியை ஒவ்வொரு அங்கத்தினரும் குறித்துவைக்கும் வழக்கம் இல்லாத சங்கம், ஏற்றுமதியைப்பற்றி நினைப்பதற்கு முன் அந்த வழக்கத்தை உண்டாக்கவேண்டும். ஒருவருடைய மூட்டையிலுள்ள குற்றம் நூறு பேருடைய மூட்டைகளையும் திருப்பிவிடும்.

கூட்டுறவுக்குரிய தனி வழி

சிறு சங்கம் ஒன்று தானே கப்பலேற்றும் காரியத்தில் இறங்குவதற்குப் பதிலாக வேறொரு வழியும் உண்டு. 2023-ம் வருஷம் ஜனவரி 25-ந் தேதி, பல மாகாணக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ், தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி லிமிடெட் என்னும் சங்கம் பதிவாயிற்று. இப்கோ, கிரிப்கோ, நாபெட், குஜராத் பால் கூட்டுறவு விற்பனைச் சம்மேளனம், தேசியக் கூட்டுறவு அபிவிருத்திக் கார்ப்பொரேஷன் ஆகிய ஐந்தும் இதனைத் தோற்றுவித்தன. கிராமத்திலுள்ள பிரதமச் சங்கம் முதல் தலைமைச் சங்கம் வரையில் விருப்பமுள்ள எந்தக் கூட்டுறவுச் சங்கமும் இதில் அங்கத்தினராகச் சேரலாம்.

இதன் பிரயோஜனத்தை மேற்சொன்ன தடைக் காலங்களிலேயே காணலாம். வெள்ளை அரிசி விலக்கப்பட்டிருந்தபோது, உணவுக்காக நமது தேசத்தை எதிர்பார்த்த நாடுகள் சில தங்கள் சர்க்கார் மூலமாகக் கேட்டுக்கொண்டன. அதற்கிணங்கி, 2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் பூட்டானுக்கு 79,000 டன்னும், சிங்கப்பூருக்கு 50,000 டன்னும், மொரீஷியஸுக்கு 14,000 டன்னும் அனுப்ப இச்சங்கத்தின் மூலமாக அனுமதி தரப்பட்டது. வெங்காயத் தடைக் காலத்திலும் இலங்கை, வங்காள தேசம் உட்பட ஆறு நாடுகளுக்கு 99,150 டன் அனுப்ப அனுமதி கிடைத்தது. அதைச் சேகரிக்கும் பொறுப்பு இச்சங்கத்தினிடமே விடப்பட்டது. அந்த வெங்காயத்துக்கு முழுத்தொகையையும் முன்பணமாகப் பெற்றுக்கொண்டே அனுப்பும் ஏற்பாடு இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. பெரிய ஸ்தாபனமே முன்பணம் இன்றி அனுப்பவில்லை. நாம் மாத்திரம் முகம் அறியாத வியாபாரிக்குக் கடனில் அனுப்புவது எங்ஙனம் பொருந்தும்?

எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அனுமதித்த அளவு, தேசத்தின் மொத்த விளைச்சலில் மிகச் சிறு பாகமே. தேசியச் சங்கத்தில் சேர்ந்துவிட்டால் தடையே நம்மைத் தீண்டாது என்று எண்ணுவது பிழை. கதவு சாத்திய காலத்தில் ஒரு சிறு ஜன்னல் கூட்டுறவுக்குத் திறந்தது என்பதே உண்மை.

நஷ்டம் எவர் தலையில்?

இப்பொழுது பிரசங்கத்தின் முக்கிய பாகத்துக்கு வருகிறேன். ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சங்கம் அங்கத்தினரிடமிருந்து 20 டன் சரக்கைச் சேகரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோ 25 ரூபாய் வீதம் மொத்த விலை 5 லட்சம் ரூபாய். தரம் பிரித்தல், சாக்கு, லாரி, பரீட்சை முதலிய செலவுகள் 1 லட்சம். சரக்குத் துறைமுகத்துக்குப் போகும் தறுவாயில் தடை வருகிறது. உள்ளூரில் விற்றால் கிலோ 15 ரூபாய் வீதம் 3 லட்சம் ரூபாய் கிடைக்கிறது.

சங்கம் அங்கத்தினருக்கு முழு விலையையும் கொடுத்துச் சரக்கைச் சொந்தமாக வாங்கியிருந்தால், செலவு 6 லட்சம், வரவு 3 லட்சம், நஷ்டம் 3 லட்சம். அச்சங்கத்தின் பங்குமூலதனம் 4 லட்சமாயிருந்தால் அதில் முக்கால் பாகம் ஒரே நாளில் அழிந்தது. சரக்குக் கொடாத அங்கத்தினரின் பணமும் அதனுடன் போயிற்று.

அவ்வாறன்றி, சரக்கை ஒன்றுசேர்த்து விற்று வந்த தொகையைப் பங்கிடும் முறையில், 100-க்கு 60 வீதம் 3 லட்சம் ரூபாய் மாத்திரம் முன்பணம் கொடுத்திருந்தால் என்ன? விற்ற 3 லட்சம் முன்பணத்துக்குச் சரியாகிவிடும். அங்கத்தினருக்கு உள்ளூர் விலை கிடைத்தாயிற்று. சங்கத்துக்கு நஷ்டம், செய்த செலவாகிய 1 லட்சம் மாத்திரமே. வாங்குகிறவருடைய பாங்கு உறுதிப் பத்திரம் கைக்கு வந்த பின்னரே சாக்கும் லாரியும் பிடிப்பது என்று விதி வைத்திருந்தால் அந்த 1 லட்சத்திலும் பெரும்பகுதி தப்பியிருக்கும். தடை ஒன்றே, சரக்கு ஒன்றே, ஆனால் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய முறை ஒன்றால் ஒரு சங்கம் நிலைத்தது, மற்றொன்று கலைந்தது.

அங்கத்தினரில் கையிருப்பு இல்லாத ஏழைகளுக்கு, மீதி 40 பங்குக்காகக் காத்திருத்தல் கஷ்டமே. அதற்காகச் சங்கத்தைச் சூதாட்டத்தில் இறக்குவது பரிகாரமன்று. அப்படிப்பட்டவர் தம் சரக்கில் ஒரு பாகத்தைச் சந்தையில் விற்றுக்கொண்டு, மீதியை மாத்திரம் ஏற்றுமதிக்குக் கொடுக்க உரிமை இருத்தல் வேண்டும்.

மகாசபை கவனிக்கவேண்டியவை

இதுவரையில் சொன்னவற்றைச் சுருக்கி ஆறு விதிகளாகத் தருகிறேன்.

1. சரக்குச் சேகரிப்பதற்கு முன்னும், லாரி ஏற்றும் தினத்தன்றும், டைரக்டர் ஜெனரலின் அறிக்கைகளையும் சுங்கத் தீர்வையையும் பார்த்துக் காரியதரிசி புத்தகத்தில் தேதியுடன் எழுதவேண்டும்.

2. முதல் வருஷத்தில் சங்கத்தின் மொத்தச் சரக்கில் சிறு பாகத்தையே ஏற்றுமதிக்கு ஒதுக்கவேண்டும். உள்ளூர்ச் சந்தையை அறவே விட்டுவிடலாகாது.

3. முன்பணமோ, பாங்கு உறுதிப் பத்திரமோ இன்றிச் சரக்கை அனுப்பலாகாது. கடனில் அனுப்ப நேர்ந்தால், பணம் வாராத நஷ்டத்துக்கு இன்ஷியூர் செய்யும் பொருட்டு 1957-ம் வருஷம் முதல் நடந்துவரும் ஏற்றுமதிக் கடன் காரண்டி ஸ்தாபனத்தின் பாலிசி எடுக்கவேண்டும்.

4. சங்கத்தின் குறியீட்டு எண்ணை எந்தத் தரகருக்கும் எந்தக் கூலிக்கும் இரவல் கொடுக்கலாகாது. "உங்கள் எண்ணை மாத்திரம் கொடுங்கள், டன்னுக்கு இவ்வளவு தருகிறேன்" என்று சொல்லி வருவோர் உண்டு. அவர் பெட்டியில் எதை வைத்தாலும் கணக்கில் சங்கமே ஏற்றுமதிக்காரர். விலக்கப்பட்ட சரக்கு அகப்பட்டால் அபராதமும், அயல்நாட்டுப் பணம் ரிசர்வ் பாங்கு குறித்த காலத்துக்குள் வாராவிட்டால் விசாரணையும் சங்கத்தின் மீதே வரும். எண்ணை ரத்துச்செய்யவும் டைரக்டர் ஜெனரலுக்கு அதிகாரம் உண்டு.

5. நஷ்டம் நேர்ந்தால் அதைப் பங்கிடும் முறையைச் சரக்கு வாங்குவதற்கு முன்னரே மகாசபை தீர்மானிக்கவேண்டும். நேர்ந்த பின் பேசினால் பேச்சு வழக்காகும்.

6. லாபம் வந்த வருஷத்தில் ஒரு பங்கைத் தனி நிதியாக ஒதுக்கவேண்டும். கதவு சாத்தும் வருஷத்துக்கு அதுவே துணை.

சகோதரர்களே! சந்தை விலையைப் பேசுகிற நம்மவர்கள் மழையைப்பற்றியும் மண்ணைப்பற்றியும் பேசுகிறார்கள், கெஜட்டைப்பற்றிப் பேசுவதில்லை. ஆனால் கடல் கடக்கும் சரக்குக்கு அதுவும் ஒரு மழையே. பெய்தாலும் காய்ந்தாலும் நம்மைக் கேட்டுச் செய்வதில்லை. மழையை நம்பி விவசாயம் செய்கிற நாம் ஏரி வெட்டி நீர் தேக்கக் கற்றோம். அதுபோலவே, உத்தரவுகளின் இடையே வியாபாரம் செய்கிற சங்கம் பத்திரம், முன்பணம், ஒதுக்கு நிதி என்னும் கரைகளைக் கட்டிக்கொண்டு இறங்குதல் வேண்டும். அவ்வாறு இறங்குகிற சங்கத்துக்கு அயல்நாட்டு வர்த்தகம் தரகருக்கு மாத்திரமே உரிய இரகசியமாக இராது.

அடுத்த மகாசபைக்கு முன் உங்கள் பஞ்சாயத்தார் இருவர் கிளை ஆபீஸுக்குச் சென்று, உங்கள் பொருளின் இலக்கத்தையும் அதன் நிலைமையையும் எழுதிவந்து சபையின் முன் படிக்கும்படி இன்றே ஒரு தீர்மானம் செய்யக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு அனுப்புவதா, நிற்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அறிந்து நின்றாலும் நஷ்டமில்லை. அறிந்து சென்றால் லாபத்துக்கு வழியுண்டு.